அம்மம்மாவின் நிறம் படத்தில் எங்கே போனது?

அம்மம்மா இறந்த 31ஆம் நாள் நினைவுக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டு அல்பங்கள் 2004 டிசெம்பர் 26 சுனாமியில் வீட்டோடு சேர்ந்து போய்விட்டன. தேடிக் கிடைத்தது இரண்டே இரண்டு: அடையாள அட்டையில் இருந்த முத்திரை அளவு கறுப்பு வெள்ளைப் படம், அப்புறம் களுவாஞ்சிகுடியில் பெரியம்மா வீட்டில் தப்பியிருந்த ஒரு கலியாணப் படம். அதில் அம்மம்மா இரண்டாவது வரிசையில் ஓரமாக, சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி நிற்கிறார். அதைத்தான் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னோம். இரண்டு நாளில் வந்தது. பின்னால் இளநீலம், முன்னால் சந்தன நிறத்தில் வழுவழுவென்று ஒரு முகம். சுருக்கம் இல்லை, கன்னத்து மறு இல்லை, கூர்ந்து பார்த்தால் மூக்குத்திகூட இல்லை, அந்த வெளுப்புக்குள் அது கரைந்துபோயிருந்தது. அம்மா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ஆரு மனே?" என்றார்.

நான் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வருடக்கணக்காகக் கமரா தூக்குகிறவன். அம்மாவின் அந்தக் கேள்வி எனக்கு விழுந்த அடி மாதிரி இருந்தது, ஏனென்றால் அதே வேலையை நானும் செய்திருக்கிறேன், கேட்டவர்களுக்கு வெள்ளையாக்கிக் கொடுத்திருக்கிறேன். கறுத்த முகம் படத்தில் ஏன் அதுவாக வருவதில்லை, ஒன்றில் கரியாக வருகிறது அல்லது சுண்ணாம்பாக வருகிறது என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். ஸ்டூடியோக்காரரின் கையும் வாடிக்கையாளரின் ஆசையும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அது பாதிதான். மற்றப் பாதி படக்கலைக்கு உள்ளேயே, இரசாயனத்திலும் கமரா போடும் கணக்கிலும் கிடக்கிறது.

முதலில் இரசாயனம். 1851இல் பிரெட்ரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். அந்தத் தகட்டுக்கு நீலமும் ஊதாவும் மட்டும்தான் தெரியும், சிவப்பு தெரியாது. நம் தோலில் இருக்கும் மெலனின் நீல ஒளியை நிறைய விழுங்கி, சிவப்பையும் மஞ்சளையும்தான் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. ஆக, ஒரு கறுத்த முகத்தில் நம் கண் காண்கிற அந்தச் செம்பழுப்பு ஒளி தகட்டுக்கு இல்லவே இல்லை. முகம் நேரில் இருந்ததைவிடக் கறுப்பாகத்தான் பதியும். ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 48 வயதில்தான் கமரா கிடைத்து, அதற்குப் பிறகு உலகமே பேசும் முகப் படங்களை எடுத்த பெண் அவர். இங்கே தோட்டங்களில் வேலை செய்தவர்களையும் படம் எடுத்தார், 1879இல் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அவருடைய இலங்கைப் படங்களைப் பார்க்கும்போது தகட்டின் அந்தக் குருட்டுத்தனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், நம் பாட்டன்மாரின் காலத்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் அப்படித்தான்.

தகட்டுக்குச் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களும் தெரியும் என்பதை 1873இல் ஹெர்மன் வோகல் என்ற ஜேர்மன்காரர் கண்டுபிடித்தார். எல்லா நிறமும் தெரியும் தகடு 1906இல் கடைக்கு வந்தது, பரவலாவதற்கு இன்னும் வருடங்கள் எடுத்தன. கொழும்பைச் சேர்ந்த படக்கலைஞர் லயனல் வெண்ட் (1900–1944) எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால் பழுப்பு உடம்பு எவ்வளவு அழகாகப் பதியும் என்று விளங்கும். தோலைத் துளி வெளுக்கவில்லை மனிசன். தோளிலும் கன்னத்திலும் வழியும் மினுக்கத்தைப் பிடித்தார், அவ்வளவுதான். அந்த மினுக்கத்துக்குப் பிறகு வருகிறேன், இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

வெளுக்கும் வேலைக்கும் பழைய வரலாறு உண்டு, கணினியோடு வந்தது அல்ல. நெகட்டிவில் கறுப்பாக இருப்பது அச்சில் வெள்ளையாக வரும் இல்லையா? அதனால் பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்டு, கூராகச் சீவிய பென்சிலால் முகச் சுருக்கத்தின் மேல் நுணுக்கமாகக் கீறுவார்கள், சுருக்கம் மறைந்துவிடும். கன்னம் முழுவதும் வெளுக்க வேண்டும் என்றால் நெகட்டிவில் சிவப்புச் சாயத்தைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவுவார்கள். அது உண்மையிலேயே பெரிய கைத்திறன், மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் திறன் எல்லாம் ஒரே திசையில்தான் போனது.

பிறகு கலர் பிலிம். 1950களில் கொடாக் நிறுவனம் தன் படங்களைக் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்த நிறுவனத்தில் வேலை செய்த ஷெர்லி பேஜ் என்பவர்தான் முதலில் அந்த அட்டையில் இருந்தவர், அவருக்குப் பிறகு வேறு பெண்கள் வந்தாலும் அட்டைக்கு ஷெர்லி அட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த முகத்தின் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று அர்த்தம். உலகத்தின் எந்த மூலையில் இருந்து வந்த பிலிம் ரோல் ஆனாலும் அளவுகோல் அந்தக் கன்னம்தான். கறுப்பு மரத் தளபாடங்கள் செய்கிறவர்களும் சொக்கலேற் செய்கிறவர்களும் தங்கள் பொருட்கள் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் பழுப்பு நிறங்களில் கொடாக் உண்மையான அக்கறை காட்டியது என்று அந்த நிறுவனத்தில் வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மனித முகங்கள் முறையிட்டபோது நடக்காத ஒன்று சொக்கலேற்றுக்கு நடந்திருக்கிறது. இதை முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இயந்திரத்தை விடுங்கள், கையில் இருக்கிற கமராவே ஒரு கணக்கோடுதான் வருகிறது. கமராவுக்கு முகம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும் தெரியும். முன்னால் இருப்பது எதுவானாலும், விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு அளக்கிறது. இதனால் நம் முகங்களுக்கு இரண்டு பக்கத்தாலும் அடி விழுகிறது. பள்ளிக்கூட வகுப்புப் படத்தை நினைத்துப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள், எல்லாரும் வெள்ளைச் சீருடை, பின்னால் வெள்ளைச் சுவர், கீழே வெள்ளை மணல். கமரா இவ்வளவு வெள்ளையையும் பார்த்து, அட வெளிச்சம் கூடிப்போச்சு என்று குறைத்துவிடும். சீருடை சாம்பலாகும், முகங்கள் இருண்டு கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். சரி, அதற்குப் பயந்து முகத்தை மட்டும் குறிவைத்து அளந்தால் நேர் மறுவளம் நடக்கும். கறுத்த முகத்தைக் கமரா நடுத்தரச் சாம்பல் அளவுக்குத் தூக்கிவிடும், ஆள் நேரில் இருப்பதைவிட வெளுத்து, நெற்றியும் மூக்கு நுனியும் வெந்துபோய் வரும்.

இதற்கு மருந்து சின்னது. முகத்தில் அளவுங்கள், அளந்த பிறகு முகத்தின் கறுப்பைப் பொறுத்து அரை ஸ்டொப்பில் இருந்து ஒரு ஸ்டொப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டொப் குறைத்தால் கமராவுக்குள் போகும் வெளிச்சம் பாதியாகும்). போனில் என்றால் முகத்தைத் தொட்டவுடன் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும், அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள், நேரில் இருக்கும் ஆளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து நிறம் ஒத்து வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

இனி மினுக்கம்.

ஒரு முகத்தில் விழும் வெளிச்சம் இரண்டு விதமாகத் திரும்புகிறது. ஒரு பங்கு தோலுக்குள் போய்ச் சிதறி, தோலின் நிறத்தை ஏந்திக்கொண்டு வெளியே வருகிறது. இன்னொரு பங்கு உள்ளே போகாமலே, தண்ணீரில் பட்டுத் தெறிப்பது போல மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. முதலாவது வெள்ளைத் தோலில் கூடுதல், கறுத்த தோலில் குறைவு. இரண்டாவது எந்தத் தோலானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதன் அர்த்தம் என்ன? வெள்ளை முகத்தின் வடிவத்தை நிழல் சொல்லும், கறுத்த முகத்தின் வடிவத்தை மினுக்கம் சொல்லும். கன்ன எலும்பு எங்கே ஏறுகிறது, மூக்குத் தண்டு எப்படி இறங்குகிறது, உதட்டுக் கரை எங்கே, எல்லாம் அந்த மினுக்கத்தில்தான் எழுதியிருக்கிறது. எண்ணெய் வடியும் முகம் என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோமே, படக்காரனுக்கு அது வரம்.

இதை அறியாமல் நாம் செய்த வேலைதான் பவுடர். ஸ்டூடியோவுக்குள் போனால் ஒரு மூலையில் கண்ணாடி, அதற்குக் கீழே சீப்பும் பவுடர் பேணியும் இருக்கும். படத்துக்கு இருக்கப் போகிறவர் முதலில் அங்கே போய் அள்ளிப் பூசிக்கொண்டு வருவார். பவுடர் மினுக்கத்தை உறிஞ்சிவிடும், அதோடு வெள்ளைத் துகள் பிளாஷ் வெளிச்சத்தைத் தன் நிறத்திலேயே திருப்பி அனுப்பும். தட்டையான சாம்பல் முகமும் அதற்குக் கீழே அசல் நிறத்தில் கழுத்தும் அப்படித்தான் வருகின்றன.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெத்தா இருக்கிறார், எண்பதைத் தொட்டுவிட்டார், நல்ல கறுப்பு. போன வருடம் அவரை எடுக்கப் போனேன். காலைப் பிட்டுக்கு அடுப்படியில் நின்றவர் அப்படியே வெளியே வந்தார், முகமெல்லாம் ஆவியும் வியர்வையும். கமராவைக் கண்டதும், "பொறு மனே, கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வாறன்" என்று திரும்பினார். "வேணாம் பெத்தா, இப்படியே இருங்க, இதுதான் வடிவு" என்று கெஞ்சி இருத்தினேன். விறாந்தைக்குள் கதிரையைப் போட்டு, வாசலுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டாகத் திருப்பினேன். எங்கள் பக்கத்து விறாந்தை எவ்வளவு நல்ல ஸ்டூடியோ என்பது பலருக்குத் தெரியாது. கூரை மேலே இருந்து விழும் வெயிலை மறித்துவிடுகிறது, திறந்த பக்கம் முழுவதும் ஒரே பெரிய யன்னல் மாதிரி வேலை செய்கிறது, முற்றத்து வெள்ளை மணல் கீழிருந்து வெளிச்சத்தைத் தூக்கித் தாடைக்கு அடியிலும் கண்குழிக்குள்ளும் கொடுக்கிறது. காசு கொடுத்து வாங்கும் வெள்ளைத் தட்டி செய்கிற வேலையைக் கடற்கரை மண் சும்மா செய்கிறது. வெளிச்சம் வரும் இடம் எவ்வளவு பெரிதோ மினுக்கமும் அவ்வளவு அகலமாக, மெத்தென்று விழும். இடம் சின்னது என்றால் மினுக்கம் புள்ளியாகச் சுருங்கி நெற்றியில் பொரியும், கமராவில் இருக்கும் பிளாஷ் செய்வது அதைத்தான்.

பெத்தாவுக்குப் பின்னால் வெளிறிப்போன நீலச் சுவர். கறுத்த முகத்துக்கும் நரை கலந்த கூந்தலுக்கும் பின்னால் இருண்ட கதவு வந்தால் தலை கதவோடு ஒட்டிவிடும், வெள்ளை வானம் வந்தால் முகம் நிழலுருவாகிவிடும், நடுத்தரமான நிறம்தான் தோதாக இருக்கும். பிறகு நான் படத்தைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. வயல் எப்படி, பேத்தி எழுதுகிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பேத்தியின் பெயரைச் சொன்னதும் பெத்தாவின் தலை தானாக வாசல் பக்கம் ஒரு விரற்கடை திரும்பியது, கன்ன எலும்பின் மேல் ஒரு நீளமான வெள்ளிக் கோடு ஏறியது, இரண்டு கண்மணியிலும் வாசலின் சின்ன வெள்ளைக் கட்டம் வந்து உட்கார்ந்தது. அமத்தினேன். அந்தப் படத்தில் பெத்தா கறுப்புத்தான், அப்படிக் கறுப்பாக இருந்துகொண்டே ஒளிர்கிறார்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். நாம் நிலநடுக்கோட்டில் இருந்து எட்டுப் பாகைக்கும் குறைந்த தூரத்தில் இருக்கிறோம். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், மற்ற மாதங்களிலும் உயரத்தில்தான் நிற்கும். அந்த வெளிச்சத்தில் யாரை எடுத்தாலும் கண்குழி இரண்டும் பொந்தாகிவிடும். கிழக்குக் கரைக்காரருக்குக் காலைதான் சொத்து, கடலில் இருந்து எழும் வெயில் தடையில்லாமல் தட்டையாக வந்து முகத்தில் விழும். பின்னேரத்தில் வாவிக்கரை. கல்லடிப் பாலத்தடியில் தண்ணீர் தெறிக்கிற வெளிச்சம் முகத்துக்குக் கீழிருந்து ஒரு மென்மையைக் கொடுக்கும். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட நல்லது மாரி காலம். மழை விட்டு வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் முழு வானமும் ஒரே விளக்காகிவிடும். பலர் அந்த நாட்களில் கமராவை உள்ளே வைத்துவிடுகிறார்கள், பாவம்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போனை முகத்தில் இருந்து 40 சென்ரிமீற்றரில் பிடித்தால், காதைவிட மூக்கு கமராவுக்குப் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் கிட்ட இருப்பதால், கால் பங்குக்கும் மேலாகப் பெருத்துத் தெரியும். இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது. எட்ட நின்று இரண்டு மடங்கு ஸூம் போட்டு எடுங்கள். கமராக்காரர் 85 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்குவதும் இதற்குத்தான்.

முகப் படம் என்றால் எங்கள் ஊர்களில் கன பேருக்கு முதலும் கடைசியும் அடையாள அட்டைப் படம்தான். 1972இல் தொடங்கிய அந்த அட்டை யுத்த காலத்தில் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் அட்டையில் இருக்கும் முகத்தையும் நேரில் நிற்கும் முகத்தையும் ஒரு கண் மாறி மாறிப் பார்க்கும், அது ஒத்துப்போக வேண்டும், சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது. கமராவுக்கு முன்னால் போனதும் எங்கள் பெரியவர்கள் மூச்சை இறுக்கிப் பிடித்து நேரே முறைப்பது அந்தப் பழக்கத்தால்தான் என்று நான் நம்புகிறேன். இப்போது பதிவு செய்யப்பட்ட ஸ்டூடியோக்களில் சர்வதேச விமானப் போக்குவரத்துத் தரத்துக்கு ஏற்ப எடுக்கிறார்கள். நிழலே விழாத தட்டை வெளிச்சம், வெறும் பின்னணி, நேர்ப் பார்வை. ஆளை ஆள் என்று காட்டுவதற்கு அது சரியான முறை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆள் செத்த பிறகு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் சுவரில் மாட்டும் படத்துக்கும் அதையே பெருப்பிக்கும்போது, சாவடியில் பிடித்த மூச்சோடுதான் அவர் வீட்டுச் சுவரிலும் காலம் முழுக்க இருக்கிறார்.

வெளுப்புக்கு ஸ்டூடியோக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கலியாணம் பேசக் கொடுக்கும் படம் என்றால் பெண்ணைப் பெற்றவர்களே வந்து, "தம்பி, கொஞ்சம் வெளிச்சமா எடுங்க" என்பார்கள். வெளிச்சம் என்று அவர்கள் சொல்வது எதை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்தில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். இப்போது அந்த வேலையை போனே கேட்காமல் செய்கிறது. முகத்தைக் கண்டவுடன் வழவழப்பாக்கி ஒரு படி வெளுத்துவிடும் அமைப்பு பல போன்களில் வாங்கும்போதே போட்டபடி வருகிறது, அதைத் தேடி நிறுத்துங்கள். நல்ல பக்கமும் இருக்கிறது. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே வேலை செய்து வெளியிட்டது, 2022இல் பத்துப் படிகள் கொண்ட மொங்க் தோல் நிற அளவுகோலையும் பொதுவில் வைத்தது. ஷெர்லியின் ஒரு கன்னத்தில் இருந்து பத்துக்கு வருவதற்கு எழுபது வருடம் ஆகியிருக்கிறது.

அந்த 31ஆம் நாள் படத்தை அம்மா சுவரில் மாட்ட விடவில்லை. பெரியம்மாவிடம் போய்க் கலியாணப் படத்தை மறுபடி வாங்கி வந்து, நானே ஸ்கேன் பண்ணினேன். கமராவில் இருந்த பிளாஷால் எடுத்த படம் அது, முன் வரிசையில் இருந்தவர்கள் வெளுத்துப்போய், தூரம் கூடக் கூட வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடுவதால் இரண்டாம் வரிசை மங்கிக் கிடந்தது. அந்த மங்கலைப் போக்கத்தான் ஸ்டூடியோவில் முகம் முழுவதையும் ஒரேயடியாகத் தூக்கியிருக்கிறார்கள். நான் வயதால் ஏறிப்போயிருந்த சிவப்பைக் குறைத்தேன், நிழலை ஒரு துளி மட்டும் திறந்தேன், கன்னத்திலும் நெற்றியிலும் ஏற்கெனவே இருந்த மினுக்கத்தைத் தொடாமல் விட்டேன். மறு அப்படியே இருக்கட்டும், படத்தின் புள்ளி புள்ளியான சொரசொரப்பும் இருக்கட்டும். மூன்று இரவு இருந்தேன்.

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, முகத்துக்குக் கிட்டப் பிடித்து, பிறகு வெளிச்சத்துக்குத் திருப்பினார். "அந்தா, மூக்குத்தி" என்றார்.